பொங்கலும் சொப்பு விளையாட்டும்: எல்கேஜி வகுப்பில் எட்டு நாளில் எப்படிக் கொண்டுவருவது?

எல்கேஜி_ஆ_பிரிவு கேட்டது:

வணக்கம். வகுப்பில் 24 பிள்ளைகள், மூன்றரையிலிருந்து நாலரை வயது. ஒரு டீச்சர், ஒரு ஆயாம்மா. அறை இருபதுக்குப் பதினாறு அடி, வெளியே தாழ்வாரம் உண்டு. அரையாண்டு விடுமுறை முடிந்து திறந்தால் பொங்கல் விடுமுறைக்கு முன் எட்டு வேலை நாள்தான் கிடைக்கும்.

வழக்கமாக நடப்பது எல்லோருக்கும் தெரியும். பட்டுப் பாவாடை, வேட்டி சட்டை, ஒரு பாட்டுக்கு ஆட்டம், பானை முன்னால் வரிசையாக நிறுத்தி போட்டோ. பாதிப் பேர் அழுதுகொண்டு நிற்பார்கள். பானைக்குள் என்ன இருக்கிறதென்று ஒரு பிள்ளைக்கும் தெரியாது. இந்த முறை மேடை வேண்டாம், வகுப்பின் ஒரு மூலையில் பொங்கல் வீடு அமைத்துப் பிள்ளைகளை விளையாட விடலாம் என்று நிர்வாகம் சம்மதித்திருக்கிறது.

மூலையில் என்னென்ன வைப்பது, ஒரு நேரத்தில் எத்தனை பேரை விடுவது? உண்மையிலேயே அடுப்பு வைத்துக் காட்டலாமா? வகுப்பில் நான்கு முஸ்லிம் பிள்ளைகள், மூன்று கிறிஸ்தவப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு வீட்டில் "பூஜை எதுவும் வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். பெற்றோர் வரும் நாளில் மேடை இல்லையென்றால் எதைக் காட்டுவது? நேரடி அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

கூட்டாஞ்சோறு:

முதலில் வரிசை. மூலையை முதல் நாளே திறந்துவிட்டால் பானை தலைக்குப் போகும், கரண்டி வாளாகும். பொங்கல் வைப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்த பிள்ளைதான் பொங்கல் விளையாடும். வீட்டில் குக்கரில் பொங்கல் வைப்பதை மட்டுமே பார்த்த பிள்ளைக்குப் "பொங்கிருச்சு" என்றால் விசில் சத்தம்தான். அதனால் மூன்று நாள் தொட, பார்க்க, சமைக்க. நான்காம் நாள் மூலையைத் திறங்கள்.

முதல் நாள் நெல். கால் கிலோ போதும். சுணை அரிக்கும் என்பதால் முறத்தில் நன்றாகப் புடைத்துவிட்டு, ஆளுக்கு ஐந்தாறு மணி உள்ளங்கையில் வையுங்கள். நகத்தால் உரித்து ஒரு அரிசியை வெளியே எடுப்பது இந்த வயதுக்குப் பெரிய வேலை. பத்து நிமிடம் வகுப்பே மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கும். இரண்டாம் நாள் மண்பானை: தட்டிப் பார்க்க, தண்ணீர் ஊற்றி மண் மணத்தை முகர, கழுத்தில் மஞ்சள் கொத்து கட்ட.

மூன்றாம் நாள் சமையல், தாழ்வாரத்தில். விறகு அடுப்பு வேண்டாம், புகையில் கண் எரிந்து பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். ஒற்றை பர்னர் கேஸ் அடுப்பு போதும். அடுப்பிலிருந்து ஆறடி தள்ளிச் சாக்பீஸ் கோடு, கோட்டுக்கு இந்தப் பக்கம் பாய். அடுப்புப் பக்கம் ஒரு பெரியவர் மட்டும்; பிள்ளைகளோடு இன்னொருவர்.

அளவு: பச்சரிசி 250 கிராம், பாசிப்பருப்பு 75 கிராம், வெல்லம் 375 கிராம், பால் அரை லிட்டர், தண்ணீர் ஒன்றேகால் லிட்டர். 24 பேருக்கும் தலைக்கு ஒரு குழிக்கரண்டி வரும். பானை இரண்டு லிட்டர் பிடிப்பதாக இருக்கட்டும். பலர் சறுக்குவது இங்கேதான். ஐந்து லிட்டர் பானையில் இந்தப் பாலை ஊற்றினால் நுரை பாதி வரை ஏறி அடங்கிவிடும், விளிம்பைத் தொடாது. பிள்ளைகள் "பொங்கலோ பொங்கல்" சொல்லக் காத்திருந்து ஏமாந்துபோவார்கள். பொங்கி வழிந்ததும் அரை லிட்டர் முகந்து தனியே வைத்துவிட்டு அரிசி பருப்பைப் போடுங்கள். வேக வேக அதைத் திரும்ப ஊற்றிக்கொள்ளலாம். சாதம் நன்றாகக் குழைந்தபிறகு அகலமான பாத்திரத்துக்கு மாற்றி, கரைத்து வடிகட்டிய வெல்லத்தைச் சேருங்கள். முன்கூட்டியே வெல்லம் போட்டால் அரிசி மேற்கொண்டு வேகாமல் நறுக்கென்று நின்றுவிடும்.

இன்னொன்று: ஆறிய பால் பொங்கி வரப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். நாலு வயதுப் பிள்ளைக்கு அது மிக நீளம். முக்கால் சூடு ஏறியபிறகு பிள்ளைகளைக் கூட்டி வந்து உட்காரவையுங்கள். அதன்பின் மூன்று நான்கு நிமிடக் காத்திருப்பு, அதுவே ஆவலைக் கூட்டும்.

இனி மூலை. ஆறடிக்கு ஆறடி போதும். பானை ஒன்றுதான் வைத்தால் நாள் முழுக்கச் சண்டை. ஒரே அளவில், ஒரே நிறத்தில் இரண்டு அலுமினியக் குண்டான் வையுங்கள், கரண்டியும் இரண்டு. அடுப்புக் கல்லுக்குச் செங்கல் வேண்டாம், காலில் விழும். துணிப்பையில் அரை கிலோ மணல் நிரப்பித் தைத்து மூன்று பை. நகராது, விழுந்தாலும் அடிபடாது. தீக்குச் சிவப்பு, ஆரஞ்சுத் துணிக் கீற்றுகள். தோளில் போட நாலைந்து சின்னத் துண்டு. கழுத்தைச் சுற்றிக் கட்ட விடாதீர்கள்.

பானைக்குள் என்ன போடுவது என்பதில்தான் விளையாட்டே இருக்கிறது. பழைய மல் வேட்டியில் ஒரு முழச் சதுரம் வெட்டி, கெட்டியாகக் கஞ்சி போட்டு உலர்த்திப் பானைக்குள் அமுக்கி வையுங்கள். கரண்டியால் கிளறக் கிளற அது தானாக எழும்பி விளிம்பைத் தாண்டும். பிள்ளைகள் அதைப் பார்த்துக் கத்துகிற "பொங்கலோ பொங்கல்" சொல்லிக்கொடுத்து வராது. இரண்டு மூன்று நாளில் துணி தொய்ந்துவிடும், மறுபடி கஞ்சி போடவேண்டும்.

எல்லாமே அசல் பொருளாக இருக்கக் கூடாது. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கரும்பு கரும்பாக மட்டும்தான் இருக்கும். செய்தித்தாளைச் சுருட்டிய குழல் கரும்பாகும், விறகாகும், ஊதுகுழலாகும். பாதி அசல், பாதி சிரட்டை, துணி, அட்டைப்பெட்டி, மரப்பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நேரத்தில் நாலைந்து பேர், 25 நிமிடம். சமூக நாடக விளையாட்டைப் பற்றி 1968இல் எழுதிய ஆய்வாளர் சாரா ஸ்மிலான்ஸ்கி, அதற்கு ஆறு அடையாளம் சொன்னார்: பாத்திரம் ஏற்பது, பொருளை வேறொன்றாகப் பாவிப்பது, செயலையும் சூழலையும் பாவனையால் உண்டாக்குவது, குறைந்தது பத்து நிமிடம் தொடர்வது, இன்னொருவரோடு சேர்வது, அதைப் பற்றிப் பேசிக்கொள்வது. யார் யார் என்ன ஆவது, எது எங்கே என்று முடிவாகவே எட்டு நிமிடம் போய்விடும். பதினைந்து நிமிடத்தில் மணி அடித்தால் விளையாட்டு தொடங்கும்போதே கலைக்கிறோம். 24 பேர் ஐந்து குழு. நாளுக்கு இரண்டு குழு வைத்தால் மீதி ஐந்து நாளில் எல்லோருக்கும் இரண்டு முறை கிடைக்கும். மற்றவர்கள் களிமண்ணிலும் கோலத் தட்டிலும் ஆயாம்மாவோடு இருக்கட்டும்.

கடைசியாக, "நீ அம்மா, நீ அப்பா" என்று டீச்சர் பங்கு பிரிக்கவேண்டாம். விளையாட்டு தேங்கினால் விருந்தாளியாக உள்ளே போங்கள்: "எங்க வீட்டுல மஞ்சள் தீந்துபோச்சு, ஒரு கொத்து கிடைக்குமா?" கொடுத்தால் வாங்கிக்கொண்டு இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிடுங்கள். விளையாட்டுக்கு நடுவில் "இது என்ன கலர்? எத்தனை கரண்டி இருக்கு?" என்று கேட்டால் சட்டென்று அது பாடமாகிவிடும், பிள்ளைகள் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்கள்.

---

சுளகு:

மேலே சொன்னது ரொம்பச் சரி. நான் பாதுகாப்பு பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா அலங்கார ஆர்வத்துல இதுதான் விட்டுப்போகும்.

மொச்சை, பட்டாணி, சுண்டல் எதையும் விளையாட்டுத் தட்டுல போடாதீங்க. மூக்குல போனா ஈரத்துல ஊறிப் பெருசாகும், வீட்டுல எடுக்கவே முடியாது. புளியங்கொட்டையும் அப்படித்தான், வழுக்கிட்டு உள்ளே போகும். பல்லாங்குழி வைக்கணும்னா நாலு வயசு தாண்டின பிள்ளைங்க மட்டும், பெரியவங்க பக்கத்துல உட்கார்ந்து. குன்றிமணி கண்ணுல படவே கூடாது. பார்க்க அழகு, ஆனா விதைக்குள்ள கடும் விஷம், கடிச்சா ஆபத்து.

மூணு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க பொம்மைக்கு ஒரு சோதனை அளவு இருக்கு, 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய். அதுக்குள்ள முழுசா அடங்குற பொருள் தொண்டையில சிக்கும்னு கணக்கு. சாதாரணத் தண்ணி பாட்டில் மூடிகூட அடங்கிடும்னா பார்த்துக்கோங்க. உங்க வகுப்புல பிள்ளைங்க கொஞ்சம் பெரியவங்கதான், ஆனா எதையும் வாயில வைக்கிற பிள்ளை ஒண்ணு ரெண்டு எப்பவும் இருக்கும், அந்தப் பிள்ளையை வச்சுத்தான் பொருளைத் தேர்ந்தெடுக்கணும். தோரணத்துக்கு பலூன் வேண்டாம், வெடிச்ச துண்டு ரொம்ப மோசம். கடையில பொம்மை வாங்கினா ஐஎஸ்ஐ முத்திரை பாருங்க, 2021 ஜனவரியிலிருந்து அது கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யற பொம்மைக்கு விலக்கு இருக்கு, அதனால அம்பாசமுத்திரம் மரச்சொப்புல முத்திரை இல்லைன்னு பயப்படவேண்டாம். சாயம் உரியுதா, கூர் இருக்கா, உடைஞ்சு வர்ற குமிழ் இருக்கான்னு கையால தடவிப் பாருங்க.

கரும்பு: தோகை கையைக் கிழிக்கும். முழுக் கரும்பைச் சாய்ச்சு வைக்கறதுக்கு முன்னாடி பிள்ளை உயரம் வரைக்கும் தோகையை உரிச்சிடுங்க. கடிச்சுத் திங்க துண்டு கொடுக்காதீங்க, நார் தொண்டையில நிக்கும். சாறு பிழிஞ்சு கொடுங்க. பொங்கல்ல முழு முந்திரியும் வேண்டாம். ஒவ்வாமை இருக்கான்னு பெற்றோர்கிட்ட எழுதி வாங்கிட்டு, அப்புறமா பொடிச்சுப் போடுங்க.

கோலம்: கடைக் கோலமாவு கல்லுப் பொடி. 24 பிள்ளைங்க ஒரே அறையில தூவினா தூசி நேரா மூச்சுல போகும், கலர் பொடி இன்னும் மோசம். ரவை எடுத்துக்கோங்க. 200 கிராம் ரவைக்கு ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூள் கலந்தா மஞ்சள் வந்துடும். சிவப்புக்கு 100 கிராமுக்கு ரெண்டு ஸ்பூன் பீட்ரூட் சாறு, பிசறி நிழல்ல உலர்த்தணும். வெயில்ல வச்சா நிறம் வெளுத்துடும், சாறு கூடினா கட்டி கட்டியா ஆகும், முதல்லயே ஒரு பிடி செஞ்சு பாருங்க.

நாலு வயசுல கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கோடு இழுக்க வராது. மொத்தக் கையால அள்ளிக் குமியலா கொட்டுவாங்க. அது தப்பு இல்ல. முதல் ரெண்டு நாள் தட்டுல ரவையைப் பரப்பி விரலால வரையட்டும். அப்புறம் தரையில மூணுக்கு மூணு புள்ளி, புள்ளிக்குப் புள்ளி ஒரு சாண் இடைவெளி, நீங்களே வச்சுக் கொடுத்துடுங்க. புள்ளி மேல ஒரு சிட்டிகை வைக்கிறது மட்டும் அவங்க வேலை. சிட்டிகை பழகினாலே போதும், பென்சில் பிடிக்க அதே விரல்தான். சிக்குக் கோலம் டீச்சர் போட, பிள்ளை பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கறதுல பிள்ளைக்கு ஒண்ணும் கிடைக்காது.

---

வேம்படி:

பூஜை பற்றிக் கேட்டிருந்தீர்கள். "பொங்கல் மதம் சாராதது, எல்லோரும் கும்பிடலாம்" என்று அந்தப் பெற்றோரிடம் வாதம் செய்யாதீர்கள். சூரியனுக்குப் படைப்பது பல வீடுகளில் வழிபாடுதான். வகுப்பில் எது நடக்கும், எது நடக்காது என்று ஒரு தாளில் எழுதி முன்னரே அனுப்புங்கள். நெல் உரிப்பது, சமைப்பது, பகிர்ந்து உண்பது, கோலம், மாட்டுக்கு மாலை கட்டும் விளையாட்டு உண்டு. கற்பூரம், திருநீறு, பொட்டு வைப்பது, படையல் கிடையாது. பொதுவாக இதிலேயே பேச்சு முடிந்துவிடும். ஆனால் விளையாட்டு மூலையில் ஒரு பிள்ளை தானாகக் கைகூப்பினால் தடுக்காதீர்கள், இன்னொரு பிள்ளையையும் கும்பிடச் சொல்லாதீர்கள். தன் வீட்டில் பார்த்ததை அது விளையாடுகிறது.

எல்லோரையும் ஒரே தராசில் வைக்க முடியாத இன்னொரு விஷயம்: அந்த வருடம் வீட்டில் துக்கம் நடந்திருந்தால் பண்டிகை கிடையாது. "உங்க வீட்டுல எப்படிப் பொங்கல் கொண்டாடுவீங்க?" என்று வட்டமாக உட்காரவைத்துக் கேட்டால் அந்தப் பிள்ளை விழிக்கும். "பானையில என்ன சமைச்சா உனக்குப் பிடிக்கும்?" என்று கேளுங்கள், எந்தப் பிள்ளைக்கும் பதில் இருக்கும். வடமாநிலத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் இருந்தால், அதே நாட்களில் அவர்களுக்கும் விழா உண்டு. பீகார்க் குடும்பங்களில் அவலும் தயிரும், எள்ளுருண்டையும் இருக்கும். அம்மாவை அழைத்து எள்ளுருண்டை பிடித்துக் காட்டச் சொல்லலாம்.

பொங்கலோடு நிறுத்தினால் மற்ற ஏழு பிள்ளைகளுக்கும் அநியாயம். அமெரிக்காவில் 1989இல் கல்வியாளர் லூயிஸ் டெர்மன்-ஸ்பார்க்ஸ் பாகுபாடு எதிர்ப்புப் பாடத்திட்டம் பற்றி எழுதியபோது, பண்டிகை நாளில் மட்டும் ஒரு சமூகத்தை எட்டிப் பார்த்துவிட்டு வருவதைச் 'சுற்றுலாப் பாடத்திட்டம்' என்றார். நம் வகுப்புகளிலும் அதுதான் நடக்கிறது. ரம்ஜான் என்றால் ஒரு பிள்ளைக்குத் தொப்பியும் ஒட்டுத் தாடியும், கிறிஸ்துமஸ் என்றால் சிவப்புச் சட்டை. அடுத்த வீட்டு மனிதரின் உடையை மாறுவேடமாக்குவது எனக்குச் சற்றும் பிடிக்காது. அதைவிட, அதில் பிள்ளைக்குச் செய்ய ஒன்றுமில்லை. செயலை எடுங்கள். நோன்புக் கஞ்சி காய்ச்சுவது, வரிசையில் நின்று தூக்குவாளியில் வாங்கிப் போவது, பக்கத்து வீட்டுக்கும் ஊற்றிக் கொடுப்பது: இதே மணல்பை அடுப்பு, இதே இரண்டு குண்டான், கூட நாலு சின்னத் தூக்குவாளி. ரம்ஜான் மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும், நாட்காட்டியைப் பார்த்து இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அதற்கும் இதே எட்டு நாள் கொடுங்கள், ஒரு நாள் கொடுத்தால் போதாது.

பையன்கள் சமைக்க வரமாட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். உண்மையான சமையல் நாளில் அடுப்பின் முன் நின்றது யார் என்பதைப் பொறுத்தது அது. ஒரு அப்பாவோ தாத்தாவோ வந்து பொங்கல் கிளறட்டும், மறுநாள் மூலையில் வித்தியாசம் தெரியும்.

---

பனங்கிழங்கு_யாழ்:

இஞ்சை முன்பள்ளிகளிலும் இதே கேள்விதான் வரும். பொங்கல் விடுமுறை முடிஞ்சு வந்த பிறகு என்ன செய்யிறது என்று ஒருவரும் எழுதேல்லை, அதைச் சொல்லுறன். வீட்டிலை பொங்கிப்போட்டு வாற பிள்ளையள்தான் நிறையக் கதைப்பினம். மூலையை விடுமுறைக்கு முதலே கழட்டிப்போட்டால் அந்தக் கதையெல்லாம் வீணாப்போகும். வந்தபிறகு இன்னும் ஒரு கிழமை வைச்சிருங்கோ. விளையாட்டு உண்மையில் ஊறுறது அப்பதான்.

அதுக்குப் பிறகு அதே மூலையைச் சந்தையாக்கலாம். அறுவடையான நெல்லும் மரக்கறியும் போற இடம் அதுதானே. தராசு நீங்களே செய்யலாம்: ஒன்றரை அடி தடி, ஒரே அளவான இரண்டு சிரட்டை, நூல். சிரட்டையின் விளிம்பிலை மூன்று துளை, சம தூரத்திலை. தடியின் நடுவிலும் இரண்டு முனையிலும் கத்தியால் சின்ன வெட்டுப் போட்டு நூலை அதுக்குள்ளை இறுக்கிக் கட்டுங்கோ. வெட்டுப் போடாட்டில் நூல் வழுக்கி ஒரு பக்கம் சரியும், பிள்ளையள் "தராசு பொய் சொல்லுது" என்று விட்டுட்டுப் போயிடுவினம். வெறும் தராசு சமனாக நிக்கேல்லை எண்டால் பாரம் குறைஞ்ச சிரட்டைக்குள்ளை ஒரு சின்னக் களிமண் உருண்டையை ஒட்டிவிடுங்கோ.

விலைச் சிட்டைக்குக் கடதாசித் துண்டும் கட்டைப் பென்சிலும் வைச்சால் போதும், எழுத்துத் தெரியாத பிள்ளையும் கிறுக்கிக் குடுத்து "பத்து ரூபா" எண்டு சொல்லும். திருத்தாதேங்கோ. பட்டம் கட்டுறதும் நல்லது. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையிலை பெரிய பட்டங்கள் ஏத்துறது பிள்ளையளுக்குத் தெரிஞ்ச விசயம். ஆனால் இந்த வயதுக்குக் கடதாசியும் வாலும் மட்டும், ஒரு முழ நூலோடை ஓடட்டும். நைலோன் நூல் வேண்டாம், விரலை வெட்டும்.

---

எல்கேஜி_ஆ_பிரிவு:

எல்லோருக்கும் நன்றி. கஞ்சி போட்ட வேட்டித் துணி யோசனை அருமை, இன்றே தயார் செய்யப்போகிறேன். இரண்டு சந்தேகம் மட்டும். பெற்றோர் நாளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இன்னொன்று, மூலைக்குள் வராமல் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளையை என்ன செய்வது?

---

கூட்டாஞ்சோறு:

பெற்றோரைப் பார்வையாளராக உட்காரவைத்தால் அது மறுபடி மேடைதான். விருந்தாளியாக்குங்கள். 24 குடும்பத்தையும் ஒன்றாக அழைக்காமல் ஆறு ஆறு பேராக நான்கு வேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். காலையில் இரண்டு, மறுநாள் காலையில் இரண்டு. பாயில் உட்காரட்டும், பிள்ளை சிரட்டையில் பொங்கல் 'பரிமாற' அவர்கள் 'சாப்பிடவேண்டும்'. வாசலில் ஒரு தாள் ஒட்டுங்கள்: பிள்ளை கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள், அது சொல்வதைக் கேளுங்கள், போட்டோ கடைசி ஐந்து நிமிடம் மட்டும். இந்தக் கடைசி வரியை எழுதாவிட்டால் முதல் நிமிடத்திலேயே செல்போன் வெளியே வரும், பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டுச் சிரித்து நிற்பார்கள்.

ஓரமாக நிற்கும் பிள்ளை பெரும்பாலும் விளையாடிக்கொண்டுதான் இருக்கிறது, கண்ணால். முதல் இரண்டு முறை விட்டுவிடுங்கள். மூன்றாம் முறையும் அப்படியே என்றால் பேச வேண்டாத, ஆனால் கையில் பொருள் இருக்கிற வேலை ஒன்றை வெளியிலிருந்து கொடுங்கள். தாழ்வாரத்தில் பத்துப் பேப்பர் விறகை வைத்து, "அடுப்புக்கு விறகு பத்தலையாம், கொண்டுபோய்க் கொடுத்துட்டு வர்றியா?" போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம் என்று தெரிந்தால் பிள்ளை போகும். இரண்டாவது நடையில் பெரும்பாலும் உள்ளேயே உட்கார்ந்துவிடும். அதற்குள் யாராவது "வா, வா, நீதான் மாமா" என்று இழுத்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாளுக்கு ஒரு பிள்ளையைப் பத்து நிமிடம் கவனித்து, அது சொன்ன இரண்டு வாக்கியத்தை அப்படியே நோட்டில் எழுதி வையுங்கள். பெற்றோர் வரும் நாளில் காட்ட அதைவிட நல்லது இல்லை. துணியெல்லாம் இரண்டு நாளுக்கொருமுறை துவையுங்கள், ஜனவரிப் பனியில் பாதி வகுப்புக்குச் சளி இருக்கும்.